உலை ஏன் பொங்குகிறது, மனம் எப்படி அடங்குகிறது?

சங்கு ஊதினால் ஷிஃப்ட் முடிந்துவிடும். மனதுக்கு அந்தச் சங்கு கேட்பதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காலையில் ஸ்டேஷனுக்கோ அறைக்கோ நடக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். கண் எரிகிறது, உடம்பு கெஞ்சுகிறது, படுத்தால் தூக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது என்பார்கள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், பிள்ளைக்குக் கட்ட வேண்டிய ஃபீஸ், ராத்திரி கை தப்பிப் பிழைத்த ஒரு நொடி என்று ஒன்று போனால் இன்னொன்று வந்து நிற்கும். "மனசு ஓயவே மாட்டேங்குது சார்" என்பது இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி கேட்கிற பேச்சு. தியானம் பண்ணுங்கள் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இரண்டு நாள் உட்கார்ந்தும் பார்த்திருப்பார்கள். "கண்ணை மூடினா இன்னும் அதிகமாத்தான் வருது" என்று விட்டிருப்பார்கள்.

அவர்கள் சொல்வது உண்மை. அது ஏன் அப்படி ஆகிறது, அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளச் சோறு வடிக்கிற அடுப்படிக்குப் போனால் போதும்.

250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு வழிசெய்தது. அதனால் பெரிய ஆலைகளில் மதியச் சாப்பாட்டுக்கு அண்டா ஏறும். அந்த அண்டாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முதலில் வெறும் உலைநீர். தளதளவென்று கொதிக்கும். குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். எவ்வளவு தீ எரிந்தாலும் வெறும் தண்ணீர் பொங்கி வழிவது அரிது. களைந்த அரிசியைப் போட்டதும் கொதி சற்று அடங்கும். பிறகு அரிசியிலிருந்து மாவுச்சத்து இறங்க இறங்கத் தண்ணீர் கஞ்சியாகும். இப்போது எழும் குமிழி சீக்கிரம் உடையாது, ஏனென்றால் கஞ்சியின் பசை அதன் தோலை இழுத்துப் பிடித்திருக்கும். உடையாத குமிழிமேல் அடுத்த குமிழி ஏறும். நுரை விளிம்பைத் தொடும். "தம்பி, தட்டைத் தள்ளு!" என்று மாஸ்டர் குரல் கொடுப்பதற்குள் பாதிக் கஞ்சி அடுப்பில் இறங்கிச் சுர்ரென்று புகையும்.

ஆக, உலை பொங்குவதற்குக் கீழே தீயும் வேண்டும், உள்ளே பசையும் வேண்டும். மனம் பொங்குவதும் இந்த இரண்டால்தான். தீ என்பது உடம்பின் பரபரப்பு. பசை என்பது எண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும் 'நான்'. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதை எப்போது தொடுவது என்று தெரியும்.

பசையை முதலில் பார்ப்போம். "வெளியே லாரி ஹாரன் அடிக்குது" என்று ஓர் எண்ணம் வருகிறது, போகிறது. "டீ குடிக்கலாம்" என்று வருகிறது, அதுவும் போகிறது. இவை வெறும் தண்ணீரின் குமிழிகள். "என்னை ஏன் அவன் அப்படிச் சொன்னான்?" என்பது அப்படிப் போகாது. அதன்மேல் "நான் அப்போதே பதில் சொல்லியிருக்கணும்" ஏறும். அதன்மேல் "இப்படியே போனால் என் வேலை என்ன ஆகும்?" ஏறும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ரைக்ளும் அவருடைய குழுவினரும் 2001இல் எழுதிய ஆய்வு இதற்கு ஓர் இடம் காட்டியது. நாம் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது மூளை ஓய்ந்துவிடுவதில்லை. சில பகுதிகள் அப்போதுதான் கூடுதலாக இயங்குகின்றன. நமக்கு நடந்தது, நடக்கப் போவது, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது போன்ற, 'நான்' சம்பந்தப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் அங்கேதான் ஓடுகின்றன. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் 20 சதவீதம் அளவுக்குச் செலவழிக்கிறது. சும்மா உட்கார்ந்தால் அந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. கண்ணை மூடினால் எண்ணம் கூடுவது இதனால்தான். கையில் வேலை இருந்தவரை பின்னால் இருந்தவை, வேலை போனதும் முன்னால் வருகின்றன.

இது யாருக்கோ வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரை நாளின் பல நேரங்களில் செல்ஃபோன் வழியே கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா? ஏறத்தாழ 47 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி இல்லாத நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. அதற்காக எண்ணமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அரிசி போடாத உலையில் பசை இருக்காது, சோறும் இருக்காது. ஃபீஸ் கட்ட வேண்டியதை நினைக்காத மனத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. எண்ணமே வராமல் செய்வது தியானத்தின் வேலை என்று யாரேனும் சொல்லிக் கொடுத்திருந்தால், அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஒரு தவறான எதிர்பார்ப்பால் எத்தனையோ பேர் இரண்டாம் நாளே எழுந்து போகிறார்கள்.

இனி தீ. ரோலிங் மில்லில் நிற்கிறவரைப் பாருங்கள். செக்கச் சிவந்த கம்பி வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும்போது கண் ஒரு கணம் நழுவக் கூடாது. தடம் மாறிய கம்பி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. இண்டக்ஷன் ஃபர்னஸில் ஸ்கிராப் போடுகிறவருக்கும் அதே கவனம் வேண்டும். ஈரம் பட்ட இரும்பு உருகிய உலோகத்தில் விழுந்தால் ஆவி வெடிக்கும். அந்த எச்சரிக்கை வேண்டும் என்பதால் உடம்பு தீயைக் கூட்டி வைக்கிறது. சிறுநீரகங்களின் மேலே உள்ள சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன, கார்ட்டிசாலையும் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். கார்ட்டிசால் அதைவிட நெடுநேரம் தங்கும். எட்டு மணி நேரமோ, ஓ.டி. சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரமோ இப்படி நின்றவரின் உடம்பு, கேட்டைத் தாண்டியதும் தணிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நைட் ஷிஃப்ட் என்றால் இன்னொன்றும் சேர்கிறது. உடம்புக்கு உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் 2017இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் எழுந்திரு என்கிறது அந்தக் கடிகாரம். கார்ட்டிசால் இயல்பாகவே உச்சத்தைத் தொடும் நேரமும் காலைதான். நாம் படுக்கப் போகிற அதே நேரத்தில் உடம்பு தானாகத் தீயைத் தூண்டுகிறது. காலை எட்டு மணிக்குப் படுத்துத் தூக்கம் வராமல் புரளுகிறவர் தன் மனம் பலவீனமானது என்று குறைபட்டுக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

பொங்குகிற உலையைக் கண்டதும் பழக்கமில்லாதவர் முதலில் செய்வது மூடியை அழுத்துவது. ஆவிக்கு வழியில்லாமல் போய் இன்னும் வேகமாக வழியும். மனத்திலும் நாம் இதையே செய்கிறோம். "நினைக்காதே, நினைக்காதே" என்று நமக்கு நாமே அதட்டுகிறோம். இதில் என்ன நடக்கும் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் சோதித்துப் பார்த்தார். ஒரு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், மனத்தில் ஓடுவதை ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கரடி நினைவுக்கு வந்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதோடு முடியவில்லை. இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. எண்ணம் வந்துவிட்டதா என்று காவல் காக்கவே அந்த எண்ணத்தை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பழகிய கை முதலில் தீயைத்தான் குறைக்கும். உடம்பில் தீயைக் குறைக்கும் திருகு எங்கே இருக்கிறது? இதயத்துக்கு நேராக "மெல்லத் துடி" என்று கட்டளையிட நம்மால் முடியாது. செரிமானத்தை, வியர்வையை, சுரப்பிகளைச் சொல்லி நிறுத்த முடியாது. தானாகவும் நடந்து, நாம் நினைத்தாலும் மாற்ற முடிகிறதாக இருப்பது மூச்சு. அதிலும் வெளியே விடுகிற மூச்சு.

இதை நம்பச் சொல்லவில்லை, இப்போதே பார்க்கலாம். இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வலது கையின் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை மூக்கால் உள்ளே இழுங்கள். எட்டு எண்ணும்வரை அவசரமில்லாமல் விடுங்கள். நாலைந்து முறை செய்ததும் விரலுக்குக் கீழே கவனியுங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி நீளும். இளவயதுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும், வயது கூடக்கூட வித்தியாசம் குறையும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயத்துக்கும் குடலுக்கும் போகிற வேகஸ் என்ற நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்தின்மேல் தன் பிடியை இறுக்குகிறது. அந்த நரம்பு என்ன செய்கிறது என்பதை 1921இல் ஓட்டோ லோவி தவளை இதயத்தில் காட்டினார். வேகஸைத் தூண்டியதும் ஓர் இதயம் மெதுவானது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தைத் தணிக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுப் பயிற்சிக்குக் கணக்குச் சொல்கிறார்: இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. விடுகிற நேரம் இழுக்கிற நேரத்தைப்போல இரு மடங்கு என்பதைக் கவனித்தீர்களா? நாலுக்கு எட்டும் அதே பங்குதான். நடுவே உள்ள 64ஐ மட்டும் நீங்களாக முயல வேண்டாம். மூச்சை அடக்குவது குருவின் பக்கத்தில் இருந்து பல காலம் பழக வேண்டிய ஒன்று. ரத்த அழுத்தமோ வலிப்போ இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. நமக்கு வேண்டியது நீளமாக விடுகிற மூச்சு மட்டும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் வலிந்து இழுக்கிறீர்கள் என்று பொருள், விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

தீ தணிந்துவிட்டது. ஆனால் பசை உள்ளேதான் இருக்கிறது. உலையில் இதற்காகத்தான் அகப்பையை உள்ளேயே போட்டு வைப்பார்கள், அல்லது வாயின் குறுக்கே வைப்பார்கள். கேன்டீனில் நீளத் துடுப்பு நிற்கும். ஏறி வருகிற நுரை அதில் பட்டு உடையும். அகப்பை உலையை நிறுத்துவதில்லை. ஏறுவது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, ஏறியது உடைய ஓரிடம் கிடைக்கிறது. தியானத்தில் கவனத்தை எங்கே வைக்கச் சொல்கிறார்களோ அதுதான் அந்த அகப்பை. சிலர் மூக்கு நுனியில் மூச்சு படும் இடம் என்பார்கள். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்து, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் முதலில் புருவ மத்தி. தலையில் அழுத்தம் கூடுகிறது என்றால் கவனத்தை முதுகெலும்பின் அடிக்கு இறக்குகிற சாந்தி தவமும் அதில் உண்டு. உழைத்துச் சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிறவர்களை மனத்தில் வைத்து அவர் வகுத்த முறை அது. உட்காருவதால் சிலருக்குப் பரபரப்பு ஏறவும் செய்யும் என்பதை எதிர்பார்த்து இறங்கும் வழியையும் சேர்த்தே கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இந்த ஊருக்கு நான் சொல்ல விரும்புகிற அகப்பை ஒரு சொல். காரணம் இருக்கிறது. இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்தின் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜெபமாலையில் வரும் மரியன்னை மன்றாட்டை லத்தீனில் சொல்ல வைத்தார்கள். 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறை என்று மெதுவானது. ரத்த அழுத்தத்தைச் சமன் செய்கிற உடம்பின் ஏற்பாடும் இரண்டிலும் நன்றாக வேலை செய்தது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது தீயும் குறைகிறது, அகப்பையும் கிடைக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இது போர்க்காலத்திலேயே பழக்கத்துக்கு வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், குண்டுவீச்சிலும் இடப்பெயர்விலும் சிதைந்த மனங்களுக்கு மருத்துவம் பார்த்தவர். மூச்சுப் பயிற்சியையும் உடலைத் தளர்த்தும் பயிற்சியையும் சொல்லிக் கொடுத்ததோடு, மனத்தில் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல்லை அவரவர் வழிபாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னார். சைவருக்குப் பஞ்சாட்சரம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்குத் திக்ர், பௌத்தருக்குப் புத்தம் சரணம். சிறுவயதிலிருந்து நாவில் பழகிய சொல்லுக்குத் தனியாக நம்பிக்கை ஊட்ட வேண்டியதில்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சொல் அது. ஈழத்திலிருந்து வந்தவர்களின் பெரிய முகாம்களில் ஒன்று கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது. ஆலைகளில் தமிழரோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒருவர் ஜெய் ஜகந்நாத் என்றும் ஒருவர் அல்லாஹ் என்றும் ஒருவர் முருகா என்றும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு படுக்கலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு 'ஒன்று' என்ற சொல்லே போதும். ஹார்வர்டில் மருத்துவரான ஹெர்பர்ட் பென்சன் 1975இல் எழுதிய தளர்நிலை பற்றிய புத்தகத்தில் 'ஒன்று' என்ற ஆங்கிலச் சொல்லையே பரிந்துரைத்தார். மூச்சு வெளியே போகும்போது சொல்லைச் சேர்த்து விடுங்கள். அவ்வளவுதான்.

இப்போது நுரை மறுபடி ஏறும். மூன்றாவது மூச்சிலோ ஏழாவது மூச்சிலோ சொல் காணாமல் போயிருக்கும். ஃபீஸ் வந்திருக்கும், சூப்பர்வைசர் வந்திருப்பார், அவரோடு ஒரு முழு வாக்குவாதமே நடந்து முடிந்திருக்கும். எத்தனையோ பேர் தியானத்தை விடுகிற இடம் இதுதான். "எனக்கு வரலை" என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் அடுத்த பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹேசன்காம்ப் குழுவினர் தியானப் பழக்கமுள்ள 14 பேரை மூளையைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். மூச்சைக் கவனியுங்கள், மனம் எங்கோ போய்விட்டது என்று தெரிந்ததும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். 2012இல் அதன் முடிவு வந்தது. அலையும்போது 'நான்' கணக்குப் போடும் பகுதிகள் இயங்கின. "ஓ, போய்விட்டது" என்று தெரிந்த கணத்தில் வேறு ஒரு வலையமைப்பு விழித்தது, எது முக்கியம் என்று உணர்கிற பகுதிகள் அவை. மனத்தைத் திருப்பிக் கொண்டுவரும்போது செயலைத் திட்டமிட்டு நடத்தும் பகுதிகள் இயங்கின. பிறகு கொஞ்ச நேரம் நிலைத்தது, மறுபடி அலைந்தது. பழகியவர்களுக்கும் இந்தச் சுற்று இருந்தது. அலைவதும், தெரிவதும், திரும்புவதும், நிற்பதும் சேர்ந்ததுதான் ஒரு முறை. இருபது தடவை மனம் ஓடி இருபது தடவை திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்றால் அந்த வலையமைப்புகளை இருபது தடவை பழக்கியிருக்கிறீர்கள். ஒரு தடவையும் ஓடவில்லை என்றால் அன்றைக்குப் பழக்குவதற்கே வாய்ப்பில்லாமல் போயிற்று. சொல் காணாமல் போனது தெரிந்ததும் தலையில் அடித்துக்கொள்ளாமல் சொல்லுக்குத் திரும்புங்கள். திட்டினால் தீ கூடும்.

சில நாள் நுரை அகப்பையையும் மீறும். வீட்டில் என்ன செய்வார்கள்? ஒரு துளி எண்ணெய் விடுவார்கள். பசை பிடித்து நிறுத்திய தோல் எண்ணெய் பட்டதும் அறுந்து, நுரை சட்டென்று இறங்கும். மனத்துக்கு அந்தத் துளி, வந்திருக்கிற உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. "இது கோபம்." "இது பயம்." "இது அவமானம்." நீட்டி முழக்காமல் ஒரே சொல்லில். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் செய்த ஆய்வில், கோபமுகம், பயந்தமுகம் கொண்ட படங்களைக் காட்டி அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது, அபாயத்துக்கு எச்சரிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் இயக்கம் குறைந்தது. "அவன் எப்படி என்னைச் சொல்லலாம்?" என்பது கதையை வளர்க்கும். "அவமானமா இருக்கு" என்பது கதையை நிறுத்தும். ஆண்களுக்கு இது கடினமாக இருக்கிறது, அவமானம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் கூச்சம். பழகினால் வரும்.

எப்போது, எங்கே செய்வது? பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவரைச் சம்மணமிட்டு அரை மணி உட்காரச் சொல்வது கொடுமை. சுவரில் சாய்ந்து உட்காருங்கள், நாற்காலியில் உட்காருங்கள். படுத்துச் செய்தால் தூங்கிவிடுவீர்கள், நைட் ஷிஃப்ட் முடித்தவருக்கு அதைவிட நல்லது வேறில்லை. ரயிலில் போகிறவர்கள் கும்மிடிப்பூண்டியில் ஏறி உட்கார்ந்ததும் செல்ஃபோனை எடுக்காமல், கவரைப்பேட்டை வரும்வரை நாலுக்கு எட்டு மூச்சு. அங்கிருந்து பொன்னேரி வரை சொல். கண்ணை மூட வேண்டிய கட்டாயமில்லை. எதிர் சீட்டின் கீழே ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பழைய பயங்கரங்களைச் சுமக்கிறவர்கள் கண்ணைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும், மூடினால் அந்தக் காட்சிகள் மேலேறும். காலையில் அறைக்கு வருகிறவர்கள் ஜன்னலைக் கெட்டித் துணியால் மறைத்துவிட்டுத் தொடங்குங்கள். வண்டி ஓட்டும்போதும் மெஷின் முன்னாலும் இதைச் செய்யவே கூடாது. அங்கே அந்தத் தீ வேண்டும்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதையும் அளவோடு சொல்லிவிடுகிறேன். 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்களில் ஒன்றில் மாதவ் கோயலும் மற்றவர்களும் 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்து எழுதினார்கள். கவனத் தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைக்கிறது என்பதற்கு நடுத்தரமான சான்று இருந்தது. உடற்பயிற்சியையோ மருந்தையோவிட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. காசு செலவில்லாமல், ரயில் சீட்டில் உட்கார்ந்து செய்யக் கூடிய ஒன்று ஓரளவு உதவுகிறது என்றால் அது பெரிய விஷயம்.

ஆனால் அடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டே, அகப்பை இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. தொடர்ந்து நைட் ஷிஃப்ட் போட்டால், வாரத்துக்கு ஒரு நாள்கூட விடுமுறை இல்லையென்றால், கந்துவட்டிக்காரர் வாசலில் நின்றால், கீழே தீ எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆலை நிர்வாகங்கள் ஆண்டுக்கொரு முறை யோகா வகுப்பு வைப்பது நல்லது. அதோடு ஷிஃப்ட் சுழற்சியை ஒழுங்காக்கி, ஓ.டி.யைக் குறைத்து, பகலில் தூங்கத் தகுந்த அறையையும் கொடுத்தால்தான் அந்த வகுப்புக்குப் பலன் உண்டு. தொழிலாளியின் மனதைப் பழக்குவதை மட்டும் தொழிலாளியிடம் விட்டுவிட்டு, தீயைத் தூண்டுகிற ஏற்பாட்டை அப்படியே வைத்திருப்பது தவறு. இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோ பேசுவது போலக் கேட்கிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் தியானத்தை ஒதுக்கி வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் தனியாக நெடுநேரம் கண்மூடி உட்காருவது சிலருக்குக் கெடுதலும் செய்யும். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேசுவார்கள், இந்தியிலும் ஒடியாவிலும் பேசுவார்கள். பக்கத்துப் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கும் ஒடிசாப் பையனிடமும் அந்த எண்ணைச் சொல்லி, அவனுடைய செல்ஃபோனில் பதிந்து கொடுங்கள்.